நாலு பள்ளம்

கோர்னெல் ரூஷ் வாங்காத பழம்பொருள் இல்லை, விற்காத பழம்பொருளும் இல்லை. செத்துப்போன பாதிரியாரின் மூக்குக்கண்ணாடியை அவருடைய சொந்தத் தம்பிக்கே விற்ற ஆள். அப்பா மாட்டு வியாபாரி. மாட்டின் பல்லைப் பார்க்கும் முன் மாட்டுக்காரனின் பல்லைப் பார், சிரிக்கிறான் என்றால் விலை அதிகம் என்று சொல்லி வளர்த்தவர். அப்பென்செல் மலைச்சரிவில், ரோன்ஹால்டே என்கிற அந்த ஊரில், கோர்னெலை ஏமாற்றினேன் என்று சொல்ல ஒருவர் கிடையாது. ஆனாலும் அவன் தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால், "நாலுபள்ளத்தான் போறான் பாரு" என்பார்கள். அவன் அப்பனையும் அப்படித்தான் சொன்னார்கள், பாட்டனையும் அப்படித்தான். அறுபத்தொரு வயதுக்குள் எதையெதையோ யார் யார் தலையிலோ கட்டியவனுக்கு இந்த ஒரு பெயரை மட்டும் எவன் தலையிலும் கட்ட முடியவில்லை.

பெயர் வந்த வழி இதுதான். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலில், ஆல்ப் மேய்ச்சல் மேட்டிலிருந்து மாடுகள் இறங்கிய மறுவாரம், அவனுடைய முப்பாட்டனுக்கு அப்பன் டொமினிக் ரூஷ் ஊர்க் கொட்டகையில் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம், முந்நூறு மீட்டர் தள்ளி, இலக்குப் பலகைக்குக் கீழே இருந்த குழியில் ஹவுட்லே என்பவன் உட்கார்ந்திருந்தான். குண்டு எங்கே பட்டது என்று நீளக் கழியில் கட்டிய தட்டைத் தூக்கிக் காட்டுவது அவன் வேலை. வேலைநாள் என்பதால் வேறு ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு பேருக்கும் ஒரு கிடாரி விஷயத்தில் ஏற்கெனவே வாய்த்தகராறு. அன்று ஹவுட்லே குழியிலிருந்து எழுந்து நின்ற நேரத்தில் டொமினிக்கின் துப்பாக்கி வெடித்தது. சாயங்காலத்துக்குள் ஹவுட்லே செத்துப்போனான்.

"விசையை ஒரு தடவைதான் இழுத்தேன். வெறும் 'டிக்'. துப்பாக்கியை அசைக்காமல் ஜெபம் சொன்னேன். அது தானாக வெடித்தது" என்றான் டொமினிக். கட்டிலில் படுத்துச் சாகும்வரை அதையே சொன்னான்.

அவனை நம்ப விடாமல் செய்தது வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு. அந்தக் காலத்து வெட்டர்லித் துப்பாக்கியின் தோட்டாவுக்கு மருந்து நடுவில் இருக்காது, அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் இருக்கும். அதைத் தட்டும் ஊசி கவட்டையாக இருக்கும். ஒரு அடிக்கு விளிம்பில் இரண்டு பள்ளம். வெடிக்காவிட்டால் குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைத் திறந்து தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, வேறு இடத்தில் தட்டச் செய்வார்கள். டொமினிக்கின் கூட்டில் நாலு பள்ளம் இருந்தது. ஆக, திறந்திருக்கிறான், திருப்பியிருக்கிறான், ஆள் எழுந்து நிற்பதைப் பார்த்து மறுபடி சுட்டிருக்கிறான். சாட்சி இல்லை என்று கோர்ட்டு விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. "டொமினிக் ரூஷ் இரண்டாம் முறை சுட்டான்" என்று சுடும் சங்கத்தின் மினிட் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஹவுட்லே செத்தது ஒரு சாயங்காலத்தில். ரூஷ் குடும்பம் நூற்று நாற்பது வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தது.

சங்கத்தின் இப்போதைய தலைவி ஒட்டிலியா ஹவுட்லே, செத்தவனின் வம்சம். எழுபது வயது, திடமான உடம்பு, குரல் மட்டும் இடையன் நாயை அதட்டுகிற குரல். புரட்டாசி முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சங்க அறையில் அவள் பாலாடைக்கட்டி மக்ரோனி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோர்னெல் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"தப்பு ஆள் மேலயா, துப்பாக்கி மேலயான்னு துப்பாக்கிகிட்டயே கேட்டுடலாம், தலைவியம்மா."

"என்னத்த கேப்ப? அதுக்குள்ள போடுற தோட்டாவ எவனும் செய்யறத நிறுத்தி எண்பது வருஷம் ஆச்சு. வாயால டுமீல்னு சொல்லப் போறியா?"

கோர்னெல் கோட்டுப் பையிலிருந்து ஐந்து தோட்டாக்களை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தான். பெரிய துப்பாக்கி ஒன்றின் பித்தளைக் கூட்டை லேத்தில் கடைந்து குட்டையாக்கியது. அடியில், நடுவில் அல்லாமல் விளிம்போரமாகக் குடைந்த ஒரு சின்னக் குழி. கான்கிரீட்டில் ஆணி அடிக்கிற துப்பாக்கிக்கு ஒரு வெற்றுத்தோட்டா வருமே, அது அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மேலே கறுப்பு மருந்து, அதற்கு மேலே ஈயக் குண்டு. பழைய தோட்டாவில் விளிம்பு முழுக்க மருந்து. இதில் ஒரே ஒரு இடத்தில்தான். அந்த இடத்துக்கு நேரே கோர்னெல் தன் மனைவியின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். புள்ளி மேலே பார்த்து இருந்தால் ஊசி அதில் விழும், வெடிக்கும். புள்ளி கொஞ்சம் விலகினாலும் ஊசி வெறும் பித்தளையைத்தான் தட்டும். நாலு நாள் உட்கார்ந்தாலும் வெடிக்காது.

ஒட்டிலியா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. நகத்துக்குப் பூசினவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க இருப்பேனா?"

"சரி, இத வச்சு என்ன நிரூபிக்கப் போற?"

"அந்த ஊசி துள்ளுது. அதான் என் கணக்கு. ஒரு இழுப்புக்கு ரெண்டு அடி அடிக்குது. ஒரு தடவ விசைய இழுத்து நாலு பள்ளம் விழுந்துட்டா, எங்காளு சொன்னது நெசம்னு ஆகுதா இல்லையா?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "விழுந்தா அந்த வரிய நானே என் கையால அடிச்சுடறேன். விழலன்னா?"

"விழும்."

"மாட்டுக்காரன் மவன் மாதிரி பேசாத. விழலன்னா, இனி இந்த ஜென்மத்துல உங்க வீட்டுல யாரும் இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது. கொட்டகைக் கூரை ஒழுகுது, அத நீ மாத்தித் தரணும்."

"பாதிக் கூரை."

"முழுக் கூரை."

"தண்ணி ஓடுற தகரம் அதுல சேராது."

"சேரும். ஏணியும் நீயே கொண்டாரணும்."

அந்த ஊர் வழக்கப்படி கையைக் கையில் ஓங்கி அடித்துப் பேரத்தை முடித்தார்கள். கையை விடும் முன் அவள் சொன்னாள்: "குழிக்கு நான் போறேன். இந்தத் துப்பாக்கிக்கு எதிர்ல வேற வீட்டுப் புள்ளைய உக்கார வைக்க மாட்டேன்."

சாட்சிக்கு வாலோ ஃபுஸ்டர். ஓய்வுபெற்ற தபால்காரன், கோர்னெலோடு ஒரே பெஞ்சில் படித்தவன். முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஊரில் சீட்டாட யாரும் சேர்த்துக்கொள்ளாத உத்தமன்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூடினார்கள். பள்ளத்தாக்கில் மூடுபனி பால்போல் தேங்கிக் கிடந்தது, ஆனால் ஓடைக்கு மேலே வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. எங்கோ கீழே கண்ணுக்குத் தெரியாத மாடுகளின் மணிச்சத்தம். கொட்டகைச் சுவரில் அந்தக் காலத்து ஊதுகொம்பு மாட்டியிருந்தது. போல்ட்டு திறந்தாயிற்று, குழியிலிருந்து எழுந்து வரலாம் என்பதற்கு அதை நீளமாக ஒருமுறை ஊதுவார்கள். பட்டாளத்துத் தொலைபேசி வந்தபின் அதைத் தொட்டவர் இல்லை. வாய் வைக்கும் இடத்தை மண்குளவி பூசி அடைத்திருந்தது.

வாலோ தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினான். எதிரில் ஒட்டிலியாவின் குரல் கரகரவென்று வந்தது. "உக்காந்துட்டேன். நாலுபள்ளத்தான்கிட்ட சொல்லு, குறி தெரியலன்னா கண்ணாடி கடன் குடுக்கிறேன். பாதிரியாரோடது."

கோர்னெல் சத்தம் போட்டுச் சிரித்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கியைக் கையில் எடுத்தான். கனம் அவன் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. எடுத்த உடனே அதன் மரக்கட்டை அவன் கன்னத்தைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டது, பழகின மாடு போல.

முதல் தோட்டாவைப் புள்ளி மேலே வர வைத்து, மூடி, சுட்டான். மலை இரண்டு பக்கமும் திருப்பிச் சொன்னது. புகை விலகியதும் போல்ட்டைத் திறந்தான். "திறந்தாச்சு" என்றான் வாலோ தொலைபேசியில். அந்தப் பக்கம் முதலில் வட்டத் தட்டு எழுந்தது, அதன் பின்னால் ஒட்டிலியாவின் தலை. தட்டு முதலில், தலை அப்புறம். டொமினிக் சுட்ட அந்த எண்பத்து நாலுக்குப் பிறகு ஹவுட்லே வீட்டார் அப்படித்தான் எழுவார்கள். அவள் பலகையைப் பார்த்து, தட்டால் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

கூட்டில் இரண்டு பள்ளம்.

இரண்டாவது, இரண்டு பள்ளம். மூன்றாவதும் இரண்டு பள்ளம். வாலோ ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டு, தொலைபேசியிலும் சொன்னான்.

"கூரைக்கு நல்ல ஓடா பாத்து வாங்கு" என்று தொலைபேசி கத்தியது. "போன தடவ போட்ட மாதிரி மட்டமானதா வேணாம்!"

கோர்னெலுக்கு வியர்த்தது. பேரத்தில் எதிராளி எழுந்து போய்விடுவானோ என்கிற கட்டத்தில் வருகிற வியர்வை. நாலாவது தோட்டாவை எடுத்தான். புள்ளியைப் பார்த்தான், வைத்தான், மூடினான், குறி பிடித்து விசையை இழுத்தான்.

டிக்.

வெடிக்கவில்லை. இப்படி ஆனால் அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு, டொமினிக்குக்கும் முந்தைய வழக்கம். தாமதமாக வெடித்துத் தொலைக்கலாம் என்பதால் துப்பாக்கியை இலக்கிலிருந்து எடுக்கக் கூடாது. தேவமாதாவின் மகன் கற்றுக்கொடுத்த ஜெபத்தை முழுவதும் ஒருமுறை சொல்லி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் போல்ட்டில் கை வைக்கலாம். கோர்னெல் உதட்டை மட்டும் அசைத்து ஜெபத்தைத் தொடங்கினான். தோளில் துப்பாக்கி, விசைக்கு வெளியே விரல், குறியின் முனையில் குட்டியாக வெள்ளைப் பலகை. அன்றைய அப்பத்தைக் கேட்கும் இடத்தைத் தாண்டினான். மன்னிப்பு கேட்கும் இடத்துக்கு வந்தான். அந்த இடம் நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது. சொல்லிவிட்டோமா இன்னும் சொல்லவில்லையா என்று ஒரு சந்தேகம். மறுபடி சொன்னான். மாட்டு மணிகள் நின்றிருந்தன. பலகைக்குக் கீழே தட்டு எழுந்தது, வெயிலில் மின்னியது. இவள் ஏன் எழுகிறாள், யாரும் கூப்பிடவில்லையே என்று அவன் நினைத்ததும் துப்பாக்கி வெடித்தது.

புகைக்குள் கோர்னெலுக்கு ஒன்றும் தெரியவில்லை. புகை விலகியபோது தட்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் நடுவே விரல் பருமனுக்கு வானம் தெரிந்தது. பிறகு அது மெல்லக் கீழே இறங்கியது. தொலைபேசி கிர்ரென்று அடித்தது. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறாள்.

உயிர் இருக்கிறது என்று தெரிந்த அடுத்த நொடியே வியாபாரி விழித்துக்கொண்டான்.

"பாத்தியா! வாலோ, பாத்தியாடா! நான் தொடவே இல்ல! தானா வெடிச்சுது! எங்காளு சொன்னது அட்சரம் பிசகல!" போல்ட்டைத் திறந்து சூட்டோடு கூட்டை உள்ளங்கையில் தள்ளினான். "எண்ணு! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! நாலு பள்ளம்டா!"

வாலோவின் பென்சில் தரையில் கிடந்தது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் அதையும் எடுக்கவில்லை. கோர்னெலே எடுத்தான்.

"யாரு ஊதுனது?" என்றாள் ஒட்டிலியா. இடையன் குரல் எங்கோ போயிருந்தது.

"என்ன ஊதுனது?"

"கொம்பு. நீளமா ஒரு தடவ. அதக் கேட்டுத்தான எந்திரிச்சேன்."

"இங்க யாரும் ஊதல, தலைவியம்மா. நான் துப்பாக்கிய தோள்லருந்து எடுக்கவே இல்ல."

"நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்றாள் ஒட்டிலியா. "எங்க வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாது. செத்தவர் சாயங்காலம் வரைக்கும் உசுரோட இருந்தாரில்ல? பொண்டாட்டிகிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னாரு. 'கொம்பு கேட்டுச்சு'ன்னு. கொட்டகையில உங்காளு ஒருத்தன்தான். குறி பாத்துக்கிட்டு இருக்கிறவன் கொம்பு ஊத முடியுமா? செத்தவன் பயத்துல உளறுறான், அவசரப்பட்டு எந்திரிச்சது அவன் தப்புன்னு ஊர் சொல்லிடும்னு வாய மூடிக்கிட்டாங்க. இப்ப என் காதாலயே கேட்டுட்டேன். ஊத ஆளே இல்லாத கொம்பு. அப்ப அன்னைக்கு மட்டும் உங்காளு என்ன பண்ணிருப்பான் பாவம்? கோர்னெல், நீ ஜெயிச்சுட்ட. கார்த்திகை மாசக் கூட்டத்துல வரிய அடிச்சுடறேன்."

முதல் தடவையாக அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். நூற்று நாற்பது வருஷச் சரக்கு, கேட்ட விலைக்கு மேலே போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி வாசலில் நிற்கிறாள். கோர்னெல் வாயைத் திறந்தான். பதில் சொல்லும் முன் உதட்டை நனைக்க நாக்கை நீட்டினான்.

மண்.

உதட்டில் மண் இருந்தது. பல்லில் நரநரத்தது. காய்ந்த, கசப்பான, தேன்கூட்டு வாடை கொஞ்சம் அடிக்கிற மண்.

திரும்பிச் சுவரைப் பார்த்தான். கொம்பு ஆணியில்தான் இருந்தது. இவ்வளவு நேரமும் வாய் இடப்பக்கம் பார்த்துத் தொங்கியது, இப்போது வலப்பக்கம் பார்த்தது. லேசாக ஆடிக்கொண்டும் இருந்தது. கீழே தரையில் குளவி மண் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தது.

உள்ளங்கையிலிருந்த கூட்டை மறுபடி பார்த்தான். சந்தோஷத்தில் எண்ண மட்டும்தான் எண்ணியிருந்தான். இரண்டு பள்ளம் வெறும் பித்தளையில் விழுந்திருந்தன. மற்ற இரண்டில் ஒன்று சிவப்புப் புள்ளிக்கு நேர் கீழே. முதல் அடி மருந்தைத் தொடவே இல்லை. தொடாத மருந்து தாமதமாக வெடிக்காது. கூட்டைக் கால்வட்டம் திருப்பாமல் இரண்டாவது அடி அங்கே விழாது. ஊசி துள்ளலாம், கூடு தானாகத் திரும்பாது. இந்தத் தோட்டாவைச் செய்தவன் அவன்தான். இதில் அவனை அவனே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை.

தொலைபேசியின் வாயை உள்ளங்கையால் பொத்தினான்.

"வாலோ, நான் என்ன பண்ணேன்?"

வாலோ ஃபுஸ்டர் சுவரோடு சுவராக நின்றிருந்தான். "தோட்டாவ வைக்கும்போதே புள்ளிய பக்கவாட்டுல திருப்பி வச்ச. விளையாடுறேன்னு நினைச்சேன். டிக்குன்னுச்சு. ஜெபம் சொன்ன. சொல்லிக்கிட்டே துப்பாக்கிய பெஞ்சுமேல வச்சுட்டு எந்திரிச்ச. கொம்ப எடுத்து ஊதுன. மாட்டிட்டு வந்து உக்காந்து, போல்ட்டத் திறந்த, திருப்புன, மூடுன. எல்லாம் நிதானமா, சவரம் பண்றவன் மாதிரி."

"ஊதும்போது எப்படிடா ஜெபம் சொல்ல முடியும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். ஜெபம் நிக்கவே இல்ல."

"நீ ஏன் கத்தல?"

"கத்தினேன். தோளப் பிடிச்சு இழுத்தேன். கட்டுத்தறிய இழுக்கிற மாதிரி இருந்துச்சு."

தோள் வலிப்பது கோர்னெலுக்கு அப்போதுதான் உறைத்தது. உதைத்த வலி என்று நினைத்திருந்தான். துப்பாக்கி வைத்தது வலது தோளில். வலித்தது இடது தோள்.

உள்ளங்கைக்குள் ஒட்டிலியாவின் குரல் குறுகுறுத்தது. "கோர்னெல்? லைன்ல இருக்கியா?"

வாலோ அவனைப் பார்த்தான். அந்த முகத்துக்குப் பொய் சொல்ல வராது, ஆனால் கேட்காவிட்டால் அது சொல்லாமல் இருந்துகொள்ளும். நாற்பது வருஷம் ஊருக்குள் வந்த கடிதங்களையெல்லாம் பார்த்தும் ஒரு வார்த்தை வெளியே விடாத ஆள். கோர்னெல் ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். இனி பேரப்பிள்ளைகள் தெருவில் நிமிர்ந்து நடக்கலாம். கண்ணாடிப் பெட்டியைச் சங்கம் திறந்துவிடும். துப்பாக்கி வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரைச் சுவரில் தொங்கும், அவன் கை எட்டுகிற தூரத்தில்.

அதை நினைத்ததும் வலது கை தானாக ஒரு விரலை மடக்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலைவியம்மா" என்றான் தொலைபேசியில். "நாலு பள்ளம்தான். ஆனா அது ரெண்டு தடவ சுட்டது. நான்தான் சுட்டேன். கொம்பையும் நான்தான் ஊதுனேன். எனக்கு நெனவு இல்ல, வாலோ பாத்திருக்கான். எங்காளுக்கும் நெனவு இருந்திருக்காது, பொய் சொல்லல அவன். ஆனாலும் சுட்டது அவன்தான். வரி இருக்கட்டும்."

"போல்ட்ட வெளிய உருவி வாலோ கையில குடு" என்றாள். "குடுத்துட்டேன்னு நீ சொல்லாத, அவன சொல்லச் சொல்லு. அப்பத்தான் எந்திரிப்பேன்."

வாலோ சொன்னான். அதற்குப் பிறகும் முதலில் எழுந்தது தட்டுதான்.

போல்ட்டை அன்றைக்கே பாலத்திலிருந்து ஓடையில் போட்டார்கள். மிச்சமிருந்த ஐந்தாவது தோட்டாவை கோர்னெல் வீட்டுப் பட்டறையில் பிரித்தான். மருந்தை எருக்குழியில் கொட்டினான். லேத்தை நல்ல விலை வந்தது என்று சொல்லி விற்றான், உண்மையில் வந்த விலைக்குத் தள்ளினான். அவன் வாழ்நாளில் நஷ்டத்துக்கு விற்றது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஏணியோடு கொட்டகைக்குப் போனான். நாலுபள்ளத்தான் பந்தயத்தில் தோற்றான், கூரை போடுகிறான் என்று ஊருக்குள் ஒரே கொண்டாட்டம். பால் வண்டிக்காரன் நிறுத்தி, "தகரமும் சேத்துத்தானாமே?" என்று கேட்டுவிட்டுப் போனான். கோர்னெல் சிரித்துக்கொண்டான். கொம்பு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கொம்பை ஒட்டிலியா எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கான்கிரீட் சுவரில் மரச்சட்டத்தைப் பொருத்த ஆணித்துப்பாக்கிதான் வேண்டும். தோட்டாவுக்குள் வைத்த அதே வெற்றுத்தோட்டாவைத்தான் இதிலும் போட வேண்டும். ஏணியின் உச்சியில் நின்று ஏழு ஆணி அடித்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒட்டிலியா குழிக்குள் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தாள். சுத்தியல் சத்தம் விட்டுவிட்டு வந்தது.

எட்டாவது ஆணி. அழுத்தி விசையை இழுத்தான்.

டிக்.

கோர்னெல் அசையவில்லை. ஆணித்துப்பாக்கியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்தபடியே நின்றான். எதிர்ப்பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

"வாலோ" என்றான் கீழே பார்க்காமல்.

"சொல்லு" என்றான் ஏணியைப் பிடித்திருந்த வாலோ.

"ஜெபம் சொல்லப் போறேன். என் ரெண்டு கையும் எங்க இருக்குன்னு சத்தமா சொல்லிக்கிட்டே இரு. நிறுத்தாத."